மூன்று கோடி வாயில் மண்

இரண்டு பித்தளைக் கிண்ணங்களின் வாயை ஒன்றோடொன்று பொருத்தி, நடுவில் பூண்டுப் பற்களைப் போட்டு, பத்து எண்ணும்வரை குலுக்கினான் வைகுந்தன். திறந்து காட்டியபோது தோல் தனி, பூண்டு தனி. திரையில் பார்த்துக்கொண்டிருந்த மூன்று கோடிப் பேரும் வாயைப் பிளந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து ஒரு பூண்டைக்கூடக் கையால் தொட்டதில்லை.

உரித்த பூண்டை நெய்யில் வறுத்து ஒன்றை வாயில் போட்டான். கண்ணை மூடி, "ம்ம்ம்... அடடா!" என்றான். அதே நொடியில், சுவருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சிற்றறையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அதே வாணலியிலிருந்து எடுத்த இன்னொரு பூண்டை மென்றாள். மூன்று கோடிப் பேரும் ருசித்தது அவள் வாயில் இருந்த பூண்டைத்தான்.

வைகுந்தனுக்கு ருசியே தெரியாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவன் மூக்கையும் நாக்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அவன் வாயில் அல்வாவும் ஒன்றுதான், அட்டைப்பெட்டியும் ஒன்றுதான். நாட்டிலேயே புகழ்பெற்ற சமையல் வித்தைக்காரன்! படப்பிடிப்புக் கூடத்தில் இந்த ரகசியம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவன், ஜெசிந்தா, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் குணாளன்.

வீடுகளில் அடுப்படி ஒழிந்து இருபது வருடம் ஆகிவிட்டது. காலையும் மாலையும் குழாய் வழியே வந்து விழும் சமக்கட்டியைத்தான் எல்லோரும் தின்றார்கள். உடம்புக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது, ருசியைத் தவிர. அந்தக் குறைக்குத்தான் நாவொட்டி. நகத்தளவு மெல்லிய படலம்; மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால், படத்தில் சமைப்பவரின் வாயில் படும் ருசி நேரே மூளைக்கு வரும். ஒரு பக்கம் சுவைப்படம் ஓட, மறு பக்கம் சமக்கட்டியை மெல்ல வேண்டியது. பிரியாணி தின்ற மாதிரியே இருக்கும். வீட்டில் அடுப்பே இல்லாத நாட்டில் அடுப்படி வித்தைகளுக்கு அப்படியொரு மவுசு. பால் பொங்காமலிருக்கப் பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டியை வைப்பதை ஏதோ அந்தரத்தில் ஆளை நிறுத்துவதுபோலப் பார்த்தார்கள்.

அந்த வித்தைகளில் பாதி ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தவை. தூத்துக்குடியில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வயதிலிருந்து கரண்டி பிடித்தவள் அவள். ஒன்பது வருடமாக நாவறை என்ற அந்தச் சிற்றறையில் உட்கார்ந்து, அவன் மெல்லும்போது மென்றாள், அவன் குடிக்கும்போது குடித்தாள். அவள் பெயர் ஒரு படத்தில்கூட வந்ததில்லை. அதைப் பற்றி அவள் அதிகம் அலட்டிக்கொண்டதுமில்லை. அவளுக்கு வேண்டியது மத்தியானம் ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரம் லிடியாவுக்கு. மகளுக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதில் வந்த நரம்பு நோயில் தொண்டை விழுங்குவதை மறந்தது, நாக்கு ருசியை மறந்தது. வயிற்றில் குழாய் வைத்துத்தான் சாப்பாடு. வாய் காயாமலிருக்க அவ்வப்போது சில சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. மற்றவர்களின் சுவைப்படம் எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. வெறும் இரைச்சலாக மண்டைக்குள் போய்க் குமட்டியது. பெற்றவளின் நாக்கிலிருந்து போனால் மட்டும் மூளை ஏற்றுக்கொண்டது. வைகுந்தனின் படத்தில்கூட அம்மாவின் நாக்கு மற்ற ஒலி ஒளியோடு கலந்து வந்ததால் பாதிதான் பிடித்தது. அதனால் ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த பழைய அடுப்பில் தானே சமைத்து, தினமும் பன்னிரண்டரை மணிக்கு மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சின்ன அனுப்பியை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, மகளுக்காகச் சாப்பிடுவாள்.

"யம்மா, மெதுவா மெல்லேன். சாளை முள்ளு எனக்கே குத்துற மாதிரி இருக்கு" என்பாள் லிடியா.

"ருசி மட்டுந்தாம்பிள்ள வரும், முள்ளு வராது."

"நீ அவுக்அவுக்னு முழுங்குற வேகத்துல முள்ளும் வந்துரும்."

இருவரும் சிரிப்பார்கள். ஒரு நாளில் லிடியா சிரிக்கிற நேரம் அதுதான்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வைகுந்தன் ஜெசிந்தாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். உட்காரச் சொன்னான். அவன் உட்காரச் சொன்னால் ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒன்பது வருஷமா உழைச்சிட்டீங்க ஜெசிந்தாம்மா. இனிமே ஓய்வெடுங்க. உங்க நாக்கைப் படி எடுக்கப்போறோம்."

"படின்னா?"

"நாப்படி. புதுசு. ஒரு வாரம் கருவி உங்களுக்கு எல்லா ருசியும் குடுத்து, உங்க நாக்கு எதுக்கு என்ன சொல்லுதுன்னு கத்துக்கும். அப்புறம் நான் பல்லுல ஒரு மணியை ஒட்டிக்கிட்டா போதும். என் வாயில என்ன இருக்குன்னு மணி சொல்லும், அது எப்படி ருசிக்கும்னு படி சொல்லும். நாவறையே வேண்டாம்."

"நான் ஒத்துக்கிடணுமில்ல சார்?"

"ஒத்துக்கிட்டாச்சே. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி." ஒரு தாளை நகர்த்தினான். நாக்கும், நாக்கின் எல்லாப் படிகளும் வைகுந்தனுக்கே உரிமை என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. லிடியாவுக்கு வயிற்றில் குழாய் வைத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு போட்டது. அன்றைக்கு யாராவது தாளை நீட்டியிருந்தால் தன் தலையையே எழுதிக் கொடுத்திருப்பாள்.

அன்று மத்தியானம் அவள் அனுப்பியை வைத்துக்கொண்டு முதல் கவளத்தை மென்றாள். லிடியா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அனுப்பியின் திரையில் சிவப்பாக இரண்டு வரி: "இந்த நாக்கு வைகுந்தன் அவர்களுக்கு உரிமையானது. உரிமையாளர் அனுமதியின்றி இதன் சுவையை அனுப்ப இயலாது." நாக்கு உரிமைப் பதிவகத்தின் முத்திரை அடியில்.

மறுநாள் காலை அவள் வைகுந்தனின் முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"ஷோவுக்கு நாக்கை எடுத்துக்கோங்க. நான் கேக்கவே மாட்டேன். பிள்ளைக்கு மட்டும் விட்ருங்க சார். அரை மணி நேரந்தான்."

"புரியுதும்மா. ஆனா அது ஒரு கசிவு. உங்க மக வாயில வர்ற ருசியும் என் ஷோ ருசியும் ஒண்ணுன்னு எவனாவது ஒப்பிட்டுப் பார்த்தா என் கதி என்ன? நீங்களே சொல்லுங்க."

"அவ யாருகிட்ட சொல்லப்போறா? கட்டிலை விட்டு எழும்பாத பிள்ள."

"அதான் சொல்றேன், எதையும் ருசிக்காமலே பழகிக்கட்டும். நான் பழகிக்கலையா?"

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். பதினைந்து வருடம் மீன் வெட்டியவள். எந்த இடத்தில் கத்தியை வைத்தால் செதில் சிதறாமல் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியும். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அவனை அழிக்க வேண்டும். அதுவும் அவனுடைய வாயாலேயே.

வழி காட்டியது குணாளன். அவனுக்கே தெரியாமல். கருவியின் கம்பிகளை அவள் தாடையில் ஒட்டிக்கொண்டே வளவளவென்று பேசினான்.

"முதல் நாள் உப்பு, அப்புறம் புளிப்பு, கசப்பு, காரம். வெள்ளிக்கிழமை இனிப்பு. திங்கட்கிழமை வெறும் தண்ணி, அதோட சரி. படி முடிஞ்சதும் பதிவகத்துல உங்க பழைய அடையாளத்தை அழிச்சிட்டு இந்தப் படியையே அடையாளமா வச்சுக்குவாங்கம்மா. ரெண்டு வச்சா குழப்பம் பாருங்க."

"படி சரியா வந்துருக்கான்னு யாரு பாப்பா?"

"யார் பார்க்கறது? ஒவ்வொரு நாக்கும் ஒவ்வொரு மாதிரி. உங்க நாக்கு என்ன சொல்லுதோ அதுதான் சரி. சார்தான் ருசி பார்த்து ஒப்புதல் குடுக்கணும்." சொல்லிவிட்டு அவனே களுக்கென்று சிரித்தான். சாரின் ஒப்புதல் எப்படியிருக்கும் என்று அவனுக்கும் தெரியுமே.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படி பிசகினால், அவள் நாக்கும் பதிவகத்தின் அடையாளமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத நாக்கு யாருக்கும் சொந்தமில்லாத நாக்கு. அதைக் கொண்டு மகளுக்கு ஊட்டலாம், எவனும் தடுக்க முடியாது. அது ஒரு லாபம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த லாபத்தைவிட, தீபாவளி அன்று வைகுந்தன் முகம் எப்படியிருக்கும் என்ற நினைப்புத்தான் அவளுக்கு அதிகம் இனித்தது.

வெள்ளிக்கிழமை காலை, தன் வீட்டு பால்கனித் தொட்டியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியில் நான்கு இலைகளைப் பறித்து மடியில் செருகிக்கொண்டாள். அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையைத் தின்றால் சர்க்கரை வெறும் மணலாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு இனிப்பே நாக்கில் ஏறாது. நான்கு வருடத்துக்கு முன் "சர்க்கரை மணலாகும் வித்தை" என்று வைகுந்தனின் படத்துக்கு அவள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் தின்று பார்த்து, "அடடா, இனிப்பே போயிடுச்சே!" என்று கண்ணை உருட்டி நடித்தான். அவனுக்கு அது எப்போதோ போய்விட்டது.

ஒப்பனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு இலைகளை நன்றாக மென்று, வாய் முழுக்கச் சாற்றைப் பரப்பி, விழுங்கினாள். குடலைப் பிடுங்கும் கசப்பு. பிறகு போய்க் கருவியின் முன் உட்கார்ந்தாள். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு என்று குணாளன் ஒவ்வொன்றாக வைத்தான். ஒவ்வொன்றும் மண். நடுவில் இடைவேளை விட்டபோது மீதி இரண்டு இலை. கருவி கடமையே கண்ணாக எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனிதருக்கு வஞ்சம் தீர்க்க ஆரம்பித்தால் அளவு தெரிவதில்லை.

திங்கட்கிழமை தண்ணீர்ப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போது, சந்தோஷத்தில் இரண்டு நெல்லிக்காயை உப்பு தொட்டுத் தின்றாள். வேலை முடிந்த தெம்பில் தின்றதுதான், திட்டம் ஒன்றுமில்லை. கூப்பிட்டார்கள், போனாள். வாயில் தண்ணீர் விட்டதும் இனித்தது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கத்தானே செய்யும்! கருவி அதைக் குறித்துக்கொள்வதை விளக்கு சிமிட்டலில் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குணாளன் அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுத்திருப்பான். அவள் சொல்லவில்லை. இதுவும் அவன் தலையில் விடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தீபாவளி அன்று காலை பத்து மணிக்கு நேரலை. ஜெசிந்தா வீட்டில் லிடியாவின் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தாள். வைகுந்தன் பட்டு வேட்டியில் மின்னினான். கொதிக்கும் வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு திரள்வதை விரலால் எடுத்துக் காட்டினான். மாவைப் பிசைந்து, தட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயைப் பிழிந்தான். மூன்று கோடி வீடுகளில் சமக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அதிரசத்தைக் கடித்தான். "ஆஹா! தேனா சொட்டுது! வெல்லம் எப்படிக் கரையுது பாருங்க!"

மூன்று கோடி வாயில் மண் விழுந்தது. நெய் வாசனையோடு, ஏலக்காய் தூவிய மண்.

திரையின் ஓரத்தில் வரிகள் கொட்டத் தொடங்கின. 'ஐயா, எங்க வீட்ல மண்ணு மாதிரி வருது.' 'எங்களுக்கும்.' 'குழந்தை துப்பிட்டான்.' 'நல்ல நாளும் அதுவுமா என்னய்யா இது?' வைகுந்தன் அதைப் படிக்காமல் இன்னொரு கடி கடித்தான். "இந்த இனிப்பு அடுத்த தீபாவளி வரைக்கும் நாக்குல நிக்கும்!"

'அவருக்கு ருசியே தெரியலை போல' என்று எவனோ எழுதினான். அந்த ஒரு வரி பத்தாகி, லட்சமாகித் திரையை மூடியது. அப்போதுதான் அவன் கண் ஓரத்துக்குப் போனது. அந்த முகத்தைத்தான் ஜெசிந்தா ஒரு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். பட்டு வேட்டிக்கு மேலே ரத்தம் சுண்டிப்போன ஒரு முகம். சமாளிக்கத் தெரியாமல் பக்கத்திலிருந்த செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தான். ஒளிபரப்பு அறுந்தது.

"செத்தான்" என்றாள் ஜெசிந்தா. வாய்விட்டுச் சொன்னாள், கையைத் தட்டினாள். வயிறு குளிர்ந்தது.

பன்னிரண்டரைக்கு அனுப்பியை நாக்கின் அடியில் வைத்தாள். சிவப்பு வரி வரவில்லை. நேரலைக்காக அன்று காலைதான் பதிவகத்தில் பழைய அடையாளத்தை அழித்துப் படியை ஏற்றியிருந்தார்கள்; இனி பதிவகத்துக்கு அவள் யாரோ. நெத்திலிக் குழம்பை முதல் கவளம் மென்றபோது லிடியாவின் கண்ணோரம் நனைந்தது. "புளி தூக்கலா இருக்கும்மா" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை ஜெசிந்தா வாழ்நாளில் கேட்டதில்லை.

மூன்று நாள் ஊரே வைகுந்தனைக் காறித் துப்பியது. செத்த நாக்கு என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், இருபது வருட நீரிழிவுக்காரர், ஒன்றைக் கவனித்தார். அந்த நேரலையின் கடைசி நான்கு நொடி, அவன் தண்ணீர் குடித்த இடம், கரும்புச்சாறாக இனிக்கிறது. அவர் அதை மட்டும் நாற்பது முறை போட்டுக் குடித்தார். ஊருக்குச் சொன்னார்.

பிறகு நடந்ததை யாரும் நிறுத்த முடியவில்லை. சர்க்கரை மண்ணாக ருசிக்கும், தண்ணீர் இனிக்கும். சர்க்கரை வியாதியில் பாதி நாடு படுத்துக்கிடக்கும்போது இதைவிட நல்ல நாக்கு யாருக்கு வேண்டும்? கடை இனிப்பைத் தொடவே தோன்றாது. ஆசை வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர். மருத்துவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆளுக்கொரு பல்மணியை ஒட்டிக்கொண்டு, அந்தப் படியைத் தங்கள் நாவொட்டியில் ஏற்றிக்கொள்ளக் கூட்டம் முண்டியடித்தது.

வைகுந்தன் திரும்பி வந்தான். புதுப் பட்டு வேட்டி, பழைய சிரிப்பு. "அடுப்படி வித்தைகளிலேயே பெரிய வித்தையைத்தான் அன்னிக்குக் காட்டினேன். முதல்ல மண், அப்புறம் அமுதம். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றான். பார்த்தவர்கள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் படிக்கு வைகுந்த நாக்கு என்று பெயர்.

ஜெசிந்தா திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அது தன் நாக்கு என்று வெளியே சொல்ல வழியில்லை. சொன்னால் வேண்டுமென்றே கெடுத்ததும் வெளியே வரும்; பதிவகம் படியைத் திருத்தும்; மத்தியானச் சாப்பாடு மறுபடி பூட்டப்படும். தான் பறித்த குழியை அவன் கிணறாக்கிக்கொண்டதை வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

தை மாதம் ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து அனுப்பியைக் கழற்றும்போது லிடியா கேட்டாள்.

"யம்மா, ஒண்ணு கேட்டா கோவப்படாதியே?"

"கேளு பிள்ள."

"எனக்கும் அந்த நாக்கைப் போட்டுவிடு."

"எந்த நாக்கை?"

"வைகுந்த நாக்கு. அது உன் நாக்குதானே, எனக்குப் பிடிக்கும்ல? சொட்டுத் தண்ணி நானே விட்டுக்கிடலாம். இனிக்குமாமே."

"நான் இல்லியா உனக்கு? என்ன வேணும்னு சொல்லு. பாயசம் வச்சுத் தாரேன்."

"நீ மத்தியானம் அரை மணி நேரந்தாம்மா. சாயங்காலம் நீ புது வேலைக்குப் போயிருவ. மிச்ச நேரம் பூரா வாயில ஒண்ணுமில்லாம கிடக்கேன். ஒன்பது வருஷமா உன் வாயைப் பாத்துக்கிட்டே இருக்கேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

 மூன்றாம் நாள் ஜெசிந்தா அந்த நாக்குக்கான விண்ணப்பத்தை எழுதினாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயரைத் தன் கையால் எழுதினாள்.

பதில் உடனே வந்தது. இலவசமாகவே தருகிறாராம். தானே நேரில் வந்து ஏற்றிவிட நேரமில்லை, குணாளனை அனுப்புகிறார். பதிலுக்கு ஒரு சின்ன படம் மட்டும் போதும்: பயன்பெற்ற பெண்ணின் தாய் பத்து நொடி நன்றி சொல்ல வேண்டும்.

குணாளன் வந்தான். லிடியாவின் பல்லில் மணியை ஒட்டி, படியை ஏற்றினான். அவள் கரண்டியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தானே நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நெடுநேரம் திறக்கவில்லை.

"இனிக்குதும்மா" என்றாள். "யம்மா, நல்லா இனிக்குது."

குணாளன் படக்கருவியை ஜெசிந்தாவின் பக்கம் திருப்பினான். அவளை நேராகப் பார்க்காமல், "சொல்லுங்கம்மா" என்றான்.

"நன்றி வைகுந்தன் சார்."

"கொஞ்சம் சிரிச்ச முகமா வேணும்னு சார் சொல்லியனுப்பினார். இன்னொரு தடவை."

ஜெசிந்தா சிரித்தாள். "நன்றி வைகுந்தன் சார்" என்றாள். லிடியா அடுத்த சொட்டுக்குக் கரண்டியை நனைத்துக்கொண்டிருந்தாள்.